கேம்கார்டர் பெட்டியில் எந்த எண்ணை அச்சிடுவது?

கையடக்க எச்டி கேம்கார்டர் செய்யும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அதை விற்கும் விளம்பரப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

மேடை நிகழ்ச்சிகளைப் படம்பிடித்து எடிட் செய்து கொடுப்பது என் வேலை. உள்ளங்கையில் அடங்கும் கருவிக்குள் 1920×1080 படத்தைக் கொண்டுவந்த உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வழக்கெல்லாம் பெட்டியின்மேல் நீங்கள் அச்சிடும் எண்களோடுதான்.

முதலில் மெகாபிக்சல். ஸ்டில் படத்துக்கான எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். வீடியோ எடுக்கும்போது சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சிப்பில்) எத்தனை பிக்சல் வேலை செய்கிறது என்பது எங்கோ அடிக்குறிப்பில் கிடக்கிறது, பல சமயம் அதுவும் இல்லை. ஃபுல் எச்டி ஃப்ரேம் ஒன்றுக்குத் தேவை 20,73,600 பிக்சல். ஒற்றைச் சென்சாரில் அத்தனையும் இருந்தாலும், ஒரு பிக்சலுக்கு ஒரு நிறத்தை மட்டும் விடும் பேயர் வடிகட்டியில் பாதிப் பிக்சல்தான் பச்சையைப் பார்க்கிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் கால் பங்கு, அதாவது ஆளுக்கு 5,18,400. மீதி நிறம் அக்கம்பக்கத்துப் பிக்சலைப் பார்த்துப் போடும் ஊகம்.

இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. 2005-இல் வந்த பானசோனிக் எச்விஎக்ஸ்200 கேம்கார்டரில் மூன்று சிசிடிகள், அதாவது பழைய வகைச் சென்சார்கள். ஒவ்வொன்றும் 960×540, பெருக்கிப் பார்த்தால் அதே 5,18,400. ப்ரிஸம் வழியாக ஒளியை மூன்று நிறங்களாகப் பிரித்து, சிப்களை அரை பிக்சல் நகர்த்தி வைத்து எச்டி படம் எடுத்தார்கள். நல்ல படம்தான், அதை வைத்துப் பிழைத்தவர்கள் நிறைய. எண் சிறியதாக இருப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. மறைப்பதுதான் உறுத்துகிறது.

சென்சார் அளவும் அப்படித்தான். ‘1/3 அங்குலம்’ என்று படித்துவிட்டு எட்டரை மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஏமாந்தோம். மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 6 மி.மீ.தான் வரும். பழைய டிவி கேமராக்களில் இருந்த விடிக்கான் குழாயின் வெளி விட்டத்தைச் சொல்லும் வழக்கம் அது. குழாய் போய்ப் பல காலம் ஆகிவிட்டது, அளவுகோல் மட்டும் போக மாட்டேன் என்கிறது. நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் போட்டால் வேலை முடிந்தது.

அப்புறம் லக்ஸ், எவ்வளவு மங்கலான ஒளியில் படம் எடுக்கலாம் என்று சொல்லும் எண். எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். ‘குறைந்தபட்ச ஒளி 1 லக்ஸ்’ என்கிறீர்கள். எந்த ஷட்டர் வேகத்தில்? எத்தனை டெசிபல் கெயினில், அதாவது சிக்னலை எவ்வளவு பெருக்கி? 18 டெசிபல் ஏற்றினால் சிக்னல் எட்டு மடங்காகிறது, கூடவே படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலும். கருவி தானாகவே ஷட்டரை 1/25-க்கும் கீழே இறக்கிவிட்டால் எண் இன்னும் அழகாகிவிடும், ஆனால் ஆடுபவரின் விரல்கள் ஐந்தும் சேர்ந்து ஒரே இழுவையாகத் தெரியும். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மென்பொருள் உள்ளே புகுந்தால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிறது, தலைமுடி இழை இழையாக இல்லாமல் ஒரு கரிய திட்டாகிறது. ‘0 லக்ஸ்’ என்று போடுபவர்களும் உண்டு. அது அகச்சிவப்பு விளக்கைப் போட்டு எடுப்பது, நிறமே இருக்காது. அதையும் அதே வரிசையில் அச்சிடுவது நியாயமா?

நல்லதையும் சொல்ல வேண்டும். 2009-இல் சோனி, சிசிடியின் இடத்தைப் பிடித்த சிமாஸ் சென்சாரில் பின்பக்க ஒளியூட்டு வகையை ஹேண்டிகேம் என்ற தன் கேம்கார்டர்களில் கொண்டுவந்தது. ஒளியை மறித்துக்கொண்டு மேலே கிடந்த கம்பித்தடங்கள் அதில் பின்னால் போயின. மங்கலான அரங்கில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. பிட்ரேட்டையும் (ஒரு விநாடி வீடியோவுக்கு எவ்வளவு தரவு என்பதை) பொதுவாக ஒழுங்காகவே குறிப்பிடுகிறீர்கள், அதில் எனக்குப் புகார் இல்லை.

கடைசியாக, யாருமே அச்சிடாத எண் ஒன்று: சென்சாரின் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை படித்து முடிக்க எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது? சிசிடி காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை, பளிச்சென்ற விளக்கு வந்தால் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு விழும், அது வேறு நோய். சிமாஸில் வரிசை வரிசையாகப் படிப்பதால், கேமராவை வேகமாகத் திருப்பினால் தூண் சாய்கிறது. கூட்டத்தில் யாராவது ஃப்ளாஷ் அடித்தால் ஃப்ரேமின் மேல்பாதி வெளுத்து, கீழ்பாதி இருட்டாகவே நிற்கிறது. ஷட்டரை 1/1000-இல் வைத்தாலும் தூண் சாயத்தான் செய்யும், ஏனென்றால் படிக்கும் நேரம் ஷட்டர் வேகத்தைப் பொறுத்ததல்ல. உங்கள் ஆய்வகத்தில் இந்த எண் கட்டாயம் இருக்கும். எங்களுக்கும் கொடுங்கள். 8 மில்லிசெகண்டா 16 மில்லிசெகண்டா என்று தெரிந்தால் எந்தக் கருவியைக் கையில் பிடித்து ஓடலாம், எதை ட்ரைபாடை விட்டு எடுக்கக்கூடாது என்று வாங்கும் முன்பே முடிவுசெய்துகொள்வோம்.

பெட்டியில் இடம் இல்லை என்பீர்கள். சரி, நூற்றுக்கணக்கான மடங்கு டிஜிட்டல் ஜூம் என்ற அந்த வரியை எடுத்துவிடுங்கள். தாராளமாக இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மேடை நிகழ்ச்சிகளைப் படம்பிடிக்கும் ஒருவன்