மலருக்கு, கேஷுவாலிட்டியில் ஆய்வு வேலை பற்றி

அன்பு மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். நோயாளிகளைச் சேர்த்து மருத்துவ ஆய்வு நடத்தும் முறைக்கான ஜிசிபி பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன், கேஷுவாலிட்டியில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகச் சேர இன்னும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று போனில் கேட்டாய். நைட் டூட்டிக்கு நேரமாகிறது என்று நீயே வைத்தும் விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். படிவங்களையும் விதிகளையும் உனக்குச் சொல்லிக் கொடுக்க அங்கே ஆள் இருப்பார்கள். கேஷுவாலிட்டியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன்.

அவசரப் பிரிவில் ஆய்வே வேண்டாம், உயிரைக் காப்பாற்றுவதை மட்டும் பார்த்தால் போதும் என்று சில சீனியர்கள் உன்னிடம் சொல்வார்கள். அவர்களிடம் சண்டை போடாதே. ஆனால் நீ நம்பிவிடவும் கூடாது. தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பல நாடுகளில் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. மூளை வீக்கம் குறையும் என்று நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். பத்தாயிரம் பேரைச் சேர்த்து நடந்த கிராஷ் ஆய்வு 2004-இல் வெளிவந்தபோது, ஊசி போட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21 சதவீதம், போடாதவர்களில் 18 சதவீதம் என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவில் கடும் காய்ச்சலோடு வந்த குழந்தைகளுக்கு வேகமாக டிரிப்ஸ் ஏற்றிய ஃபீஸ்ட் ஆய்விலும் இதே கதைதான். ஏற்றிய குழந்தைகளில்தான் சாவு அதிகம். 2011-இல் அது வந்தபோது குழந்தை மருத்துவர்கள் பலர் ஆடிப்போனார்கள். யாராவது சரியாக எண்ணிப் பார்க்காவிட்டால் இதெல்லாம் தெரியவே போவதில்லை.

அந்தச் ‘சரியாக’ என்பதுதான் உன் வேலை. அதிலும் முதலில் நேரம்.

அடிபட்டவர்களுக்கு ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் போடுகிறோமே, அது கிராஷ்-2 ஆய்வால் வந்த பழக்கம். 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். மற்ற எல்லா நாடுகளையும் விட அதிகம் பேரைச் சேர்த்தது நம் இந்தியாதான். 2010-இல் வந்த முதல் முடிவு, மருந்து உயிரைக் காக்கிறது என்றது. அடுத்த வருடம் இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்லது, அதற்குப் பிறகு கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது கூடுகிறது என்று தெரிந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க அந்த மூன்று மணி நேரக் கணக்கை வைத்துத்தான் மருந்து கொடுக்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். ஏதோ ஊர்களில், ஏதோ ராத்திரிகளில், உன்னைப் போன்றவர்கள் ‘எத்தனை மணிக்கு அடிபட்டது’ என்ற கட்டத்தில் உண்மையை எழுதியதால் வந்தது. அத்தனை பேரும் குத்துமதிப்பாக எதையாவது நிரப்பியிருந்தால் அந்த உண்மை வெளியே வந்திருக்காது.

எனவே கூட வந்தவர் “ஒரு மணி நேரம் இருக்கும்மா” என்று சொன்னதோடு விட்டுவிடாதே. பதற்றத்தில் இருப்பவருக்கு எல்லாமே ஒரு மணி நேரம்தான். 108-இல் வந்திருந்தால் அழைப்பு வந்த நேரம் அவர்களிடம் பதிவாகியிருக்கும். ஏ.ஆர். என்ட்ரியில், அதாவது விபத்துப் பதிவேட்டில், என்ன எழுதியிருக்கிறது என்று பார். முதலில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்களா என்று கேள். “டிவியில் எந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்தது” என்று கேட்டால்கூட நேரம் கிடைத்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது. தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் தேதியும் போடு. ஒயிட்னரைத் தொடாதே. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று துண்டுச் சீட்டில் குறித்து வைப்பதும் வேண்டாம்.

ஜிசிஎஸ், அதாவது கண், பேச்சு, அசைவு பார்த்து நினைவு நிலைக்குப் போடும் மதிப்பெண், அதுவும் அப்படித்தான். மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்கு டியூப் போடுவதற்கு முன்னால் நீயே பார்த்துப் போடு. டியூப் போட்டபின் பேச்சுக்கு மதிப்பெண் ஊகித்து எழுதினால், அந்த நோயாளியைப் பற்றி அந்த ஆய்வுக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

இனி எனக்கு ரொம்ப முக்கியமாகத் தோன்றுவது, நோயாளியோடு வந்த அட்டெண்டர்களிடம் பேசுவது. நம் நாட்டில் 2019-இல் வந்த விதிகளின்படி நோயாளிக்கு நினைவில்லை என்றால் சட்டப்படி அவருக்காக முடிவெடுக்கக்கூடியவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி, பேசும் நேரம் முழுவதும் கூடவே இருக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் கேஷுவாலிட்டி வாசலில் நடப்பது என்ன? பதினைந்து பேர் நிற்பார்கள். சித்தப்பாவோ ஊர்ப் பெரியவரோ முன்னால் வந்து, “எங்க போடணும் சொல்லுங்க” என்று பேனாவை வாங்குவார். கட்டியவள் மூலையில் தரையில் உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள். நீ அவளிடம் போய், பக்கத்தில் உட்கார்ந்து பேசு. நின்றுகொண்டு பேசாதே.

“நீங்க பார்த்து எது நல்லதோ செய்யுங்கம்மா, உங்க கையிலதான் இருக்கு” என்பார்கள். நம் ஜனங்கள் எல்லாரும் சொல்வது இது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே. அது நம்பிக்கை, அதுவும் பயத்தில் பிறந்த நம்பிக்கை. மூன்று விஷயம் அவர்கள் மனதில் ஏறியதா என்று பார்த்த பிறகு கையெழுத்து வாங்கு. இது வழக்கமான சிகிச்சைக்கு மேலே நடக்கிற ஆய்வு. எந்த மருந்து கிடைக்கும் என்று டாக்டருக்கும் தெரியாது. வேண்டாம் என்று சொன்னால் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது. கடைசியைக் கட்டாயம் உன் வாயால் சொல்லு, பிறகு “நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க” என்று கேள். அவர்கள் வார்த்தையில் திரும்ப வரவேண்டும். டாக்டர் வெளியே வந்து கெட்ட செய்தி சொல்லிவிட்டுப் போன அடுத்த நிமிடம் படிவத்தை நீட்டாதே. ஒரு நோயாளி ஆய்வில் சேராமல் போனால் போகட்டும்.

கூட யாருமே இல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ சாரத்தில் இருந்து விழுந்திருப்பார். அழைத்து வந்த மேஸ்திரி கையெழுத்துப் போடத் தயாராக நிற்பார். அவர் சொந்தக்காரர் இல்லை, அவரிடம் வாங்கக் கூடாது. வேறு நாடுகளில் வேறு ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்தில் இதயம் நின்றவர்களுக்கு அட்ரினலின் பலன் தருகிறதா என்று எட்டாயிரம் பேரிடம் முன் ஒப்புதல் இல்லாமலே பார்த்தார்கள், பிழைத்தவர்களிடம் பிறகு கேட்டார்கள். இதில் சேர விருப்பமில்லை என்று முன்கூட்டியே சொன்னவர்களுக்குக் கையில் போட ஒரு ஸ்டீல் வளையம் கொடுத்தார்கள். அந்த ஊர் சட்டமும், ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியும் அதற்கு இடம் கொடுத்தன. உன் ஆய்வில் என்ன அனுமதியோ அதற்கு ஒரு அடி மேலே போகாதே.

டூட்டி நர்ஸ்களை அலட்சியம் செய்யாதே மலர். உனக்கு ஆய்வு, அவர்களுக்கு அது இருபது வேலைக்கு மேல் இருபத்தொன்றாவது வேலை. மருந்துப் பொட்டியை எங்கே வைத்தால் கைக்கு எட்டும் என்று அவர்களைக் கேட்டே வை. ஒரு நோயாளியைச் சேர்த்தால் வரிசையில் அடுத்த எண் எதுவோ அந்தப் பொட்டிதான், பார்த்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது, இதை மட்டும் சிரித்த முகத்தோடு நூறு தடவை சொல்லு. ராத்திரி வருகிற நோயாளிகளையும் அவர்கள்தான் சேர்ப்பார்கள். பகலில் நீ இருக்கும்போது வருகிறவர்கள் மட்டும் கணக்கில் வந்தால், நள்ளிரவில் குடித்துவிட்டு பைக்கில் விழுந்தவர்கள் விட்டுப்போவார்கள். கேஷுவாலிட்டிக்கு அவர்களும்தானே நிறைய வருகிறார்கள்?

ஃபைலோடு நிற்கும்போது, இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் சிபிஆருக்கு ஆள் போதவில்லை என்றால் நான் என்ன செய்வது என்று கேட்டாய். ஃபைலைக் கீழே வை. நீ நர்ஸ். அந்த நேரத்தில் மார்பை அழுத்தியவளை அந்த வார்டு மறக்காது, அடுத்த வாரம் நீ கேட்கிற உதவியும் கிடைக்கும். அதற்காக இல்லை என்றாலும் செய்யவேண்டியதுதான்.

கடைசியாகப் போன் வேலை. சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போனவர்களைத் தேடிப் பிடிக்கவேண்டி வரும். சிம் மாற்றியிருப்பார்கள். சேர்க்கும்போதே இரண்டு மூன்று எண் வாங்கி வை, பக்கத்து வீட்டு எண்ணாவது. ஆறாம் மாதம் கூப்பிடும்போது சில வீடுகளில் “அவர் போய்ட்டாரும்மா” என்பார்கள். சட்டென்று அடுத்த கேள்விக்குப் போகாதே. அவர்கள் பேசி முடிக்கட்டும். பிறகு தேதியைக் கேட்டு எழுது. அன்றைக்கு வேறு யாரையும் கூப்பிடத் தோன்றாவிட்டால் என்னைக் கூப்பிடு.

உங்கள் ஒப்புதல் படிவத்தின் தமிழ்ப் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பு. எதிர்வீட்டு அத்தைக்குப் படித்துக் காட்டி, அவர்களுக்கு எந்த இடம் புரியவில்லை என்று சொல்கிறேன். மாற்ற வேண்டியிருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லி, கமிட்டிக்கு அனுப்பச் சொல்லு. நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அது நடந்தால் நல்லது.

அன்புடன்,
அம்மா