தரங்கம்பாடி வீடுகளுக்குச் சுண்ணாம்பு வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

தரங்கம்பாடி என்றதும் கோட்டைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைத் திருச்சபை பார்த்துக்கொள்கிறது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் முன்பகுதியைக் கடலுக்குக் கொடுத்த பிறகு, அங்கும் புதுப்பிக்கும் வேலை நடந்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கேட்க ஆள் உண்டு. 1792இல் எழுந்த நகர வாசலுக்குள் நுழைந்தால் தெருவுக்குத் தெரு நிற்கும் பழைய வீடுகளுக்கு யாருமில்லை. அவை தனியார் சொத்து. அரசுப் பட்டியலில் வராது. வீட்டுக்காரர்களிடம் காசும் கிடையாது. அந்த வீடுகளில் ஆறின் சுவர்களைக் காப்பாற்றத்தான் இந்தக் குழு உங்களிடம் கைநீட்டுகிறது.

கடல்தான் அந்த வீடுகளைத் தின்கிறது என்று சொல்வது சுலபம். பாதி உண்மைதான். மீதிப் பழி சிமென்ட்டுக்கு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதே வேகத்தில் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியே விட்டுவிடும். ஈரத்தோடு ஏறிய உப்பு பூச்சின் மேல் பூத்து உதிரும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை பூச்சை மாற்றினால் போதும், செங்கல் தப்பிக்கும். பூச்சு என்பதே தேய்ந்துபோவதற்காகப் போடுவதுதான். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. இடுப்பளவில் நின்ற ஈரம் ஆள் உயரத்துக்கு ஏறுகிறது. உப்பு சிமென்ட்டுக்குப் பின்னால் பளிங்காகி, இடம் போதாமல் செங்கல்லின் முகத்தையே பிளந்து தள்ளுகிறது. 2004 சுனாமியில் உள்ளே வந்த கடல்நீர் விட்டுப்போன உப்பும் இதில் சேர்த்தி.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுவரை விரல் முட்டியால் தட்டினால் டொப்பென்று சத்தம் வரும். அந்த இடத்தில் உளியை நுழைத்து நெம்பினால் சிமென்ட் பலகைபோலக் கழன்று வருகிறது. அதன் முதுகில் அரை அங்குலத்துக்குச் செங்கல் தூள் ஒட்டியிருக்கும், ஊடே வெள்ளை வெள்ளையாக ஊசி உப்பு. எஞ்சிய செங்கல்லை நகத்தால் சுரண்டினாலே கொட்டும். ஈரம் உத்தரம்வரை ஏறிவிட்டால் சுவருக்குள் புதைந்த மரமுனை உளுத்து, மெட்ராஸ் டெரஸ் தளம் (மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட கூரை) ஒருநாள் அப்படியே இறங்கிவிடும். அதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும்.

வேலை இப்படி நடக்கும். ஈரக்கோட்டுக்கு மேல் இரண்டு அடிவரை சிமென்ட்டைக் கைஉளியால் மட்டும் எடுப்போம். பிரேக்கர் இயந்திரம் கிட்டே வரக்கூடாது, அந்த அதிர்வை உளுத்த செங்கல் தாங்காது. இணைப்புகளில் முக்கால் அங்குலம் ஆழத்துக்குப் பழைய சாந்தைச் சுரண்டியதும் சுவரைக் காய்ந்த நிலையிலேயே துலக்க வேண்டும். பலர் இங்கே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறார்கள்; வெளியே வந்த உப்பு மறுபடி உள்ளே போவதற்கு அதுவே போதும். துலக்கிய பிறகு காகிதக்கூழும் களிமண்ணும் பிசைந்து ஒரு அங்குலக் கனத்துக்கு அப்புவோம். அது காயும்போது சுவரிலிருந்த உப்பை இழுத்துக்கொள்ளும். உரித்துத் தூர எறிந்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். இரண்டு முறையாவது தேவைப்படும், கடல் பார்த்த சுவருக்கு மூன்று. இதற்கான நாட்களைத்தான் ஒப்பந்தக்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள். அதனால் எங்கள் வேலையில் மொத்த ஒப்பந்தம் கிடையாது, நாள் கூலிதான்.

செங்கல்லை மாற்றிக் கட்டிய பின் முதல் பூச்சு ஒன்றுக்கு மூன்று, சுண்ணாம்பும் மணலும். அடுத்தது ஒன்றுக்கு இரண்டு. ஒரே தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் வெடிக்கும். கடற்கரை மணலோ உப்புக்கிணற்றுத் தண்ணீரோ ஒரு வாளிகூடச் சேரக்கூடாது. மணலும் குடிநீரும் வெளியிலிருந்து வர வேண்டியிருப்பதால்தான் செலவு கூடுகிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கொத்தனார்கள் கலவையில் விடுவார்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால், ஒரு ஓரத்தில் சின்னதாகப் பூசிப் பார்த்தே முடிவுசெய்வோம். கடற்காற்று பூச்சை ஒரே நாளில் உலர்த்திவிடும். அப்படி உலர்ந்தது தொட்டால் மாவாக உதிரும். ஆகவே ஈரச்சாக்கு கட்டிப் பத்து நாளாவது காப்பாற்றுவோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சுண்ணாம்பு ஊற வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகுதான் சுட்ட சுண்ணாம்புக்கல். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் வைக்க வேண்டும். நீறாத குருணை ஒன்று கலவைக்குள் போனால்கூட, பூசியபின் அது நீறிப் பொக்குளமாக வெடிக்கும். நாங்கள் புரட்டாசியில் நீற்றி, மழைக்காலம் முழுக்க ஊறவிட்டு, தை பிறந்ததும் சுவரில் கைவைக்கப் போகிறோம்.

இனிக் கணக்கு. 8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழத்தில் இரண்டு தொட்டிகள். இரண்டரை அடிக்கு நிரப்பினால் தொட்டிக்கு 80 கன அடி சுண்ணாம்பு. ஒரு சதுரம், அதாவது 100 சதுர அடிச் சுவரை மொத்தம் ஒரு அங்குலக் கனத்துக்குப் பூச, சேதாரம் சேர்த்து 3 கன அடி பிடிக்கும். வீட்டுக்கு 8 சதுரம் வீதம் ஆறு வீட்டுக்கு 48 சதுரம். இரண்டு தொட்டிச் சுண்ணாம்பு அதற்குச் சரியாக வரும், கொஞ்சம் மிஞ்சும். சதுரத்துக்குப் பொருளும் கூலியும் சேர்த்து ரூ.16,000 மதிப்பிட்டிருக்கிறோம், ஆக ரூ.7,68,000. தொட்டிகளும் அரவை இயந்திரமும் ரூ.2,40,000. வேலைக்கு முன்னும் பின்னும் அளவெடுத்து வரைபடம் போட ரூ.60,000. மொத்தம் ரூ.10,68,000. சுவர்ச் செலவில் கால்பங்கு, ரூ.1,92,000, வீட்டுக்காரர்கள் தருகிறார்கள். திரட்ட வேண்டியது ரூ.8,76,000. கூரை வேலை இந்தக் கணக்கில் இல்லை. சிமென்ட், டைல்ஸ், பிளாஸ்டிக் பெயின்ட் இனித் தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த வீடுகளை மட்டுமே எடுத்திருக்கிறோம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டிலிருந்தும் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை இணைத்தால் போதும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், இப்போது பணம் அனுப்ப வேண்டாம். எங்களுக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லை. பதிவுள்ள இன்னொரு அமைப்பு வாங்கி எங்களுக்குக் கைமாற்றுவதற்கும் 2020 திருத்தத்துக்குப் பிறகு இடமில்லை. ஆனால் குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று உள்துறை அமைச்சகத்திடம் முன்அனுமதி கேட்கலாம். அதற்குக் கொடையாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். தொகையையும் நோக்கத்தையும் எழுதிக் கையெழுத்திட்ட அந்தக் கடிதத்தை அனுப்புங்கள். இதற்கென்று புதுதில்லி ஸ்டேட் வங்கியில் திறக்கும் கணக்கின் எண்ணை அனுமதி வந்ததும் தருவோம், மாதங்கள் ஆகலாம். அப்படி வரும் தொகை கூரை வேலைக்குப் போகும்.

டென்மார்க்கில் வாழும் தமிழர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது வரையிலான டேனிஷ் ஆவணங்கள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. எந்த வீட்டில் எந்தச் சுவர் பழையது, எது பிறகு ஒட்டவைத்தது என்று அறிய அந்தக் கால வரைபடங்கள் வேண்டும். டேனிஷ் படித்து வளர்ந்த உங்கள் பிள்ளைகள் அவற்றைத் தேடிப் படித்துத் தமிழில் குறிப்பெழுதித் தந்தால், அது நூறு சதுரம் பூச்சுக்குச் சமம். (பழைய கையெழுத்து கொஞ்சம் படுத்தும், பழகிவிடும்.)

உள்ளூர் நன்கொடையாளர்களுக்கு வருமானவரிச் சலுகைக்கான ரசீது உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடைக்காது, வங்கி வழியே அனுப்புங்கள். அரைச் சதுரம், கால் சதுரம் என்றும் தரலாம். உங்கள் சதுரம் எந்த வீட்டில் எந்தச் சுவர் என்று படத்தோடு கணக்கு வரும். தொட்டிக்கும் சுண்ணாம்புக்குமான முதல் ரூ.3,00,000 ஆவணி முடிவதற்குள் கைக்கு வந்தாக வேண்டும். தவறினால் மழைக்கு முன் நீற்ற முடியாது, வேலை ஓராண்டு தள்ளிப்போகும்.

இப்படிக்கு,
குழுவினர்