மெத்தையின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரிகளின் விடுதிகளுக்கு முதலாம் ஆண்டு மாணவ மாணவியர் பெட்டியும் வாளியுமாக வந்து சேரும் நாட்கள் இவை. நான் சென்னைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பாவும் அம்மாவும் விசைத்தறியில் கூலிக்குச் சேலை நெய்கிறவர்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. 2021-இல் இந்த ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்திராவிட்டால், படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்காமல் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தை எழுதும் இடத்தில் நான் இருந்திருக்க மாட்டேன். அதை முதலில் நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவது ஒரு கல்லூரியோடு நிற்கிற விஷயம் இல்லை. வேறு வேறு ஊர்களில் படிக்கும் என் பள்ளித் தோழிகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்.

போன வருஷம் ஆடித்தபசு முடிந்த கையோடு கிளம்பினேன். அதற்கு ஒரு வாரம் முன்பு கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் நான்கு பக்கக் கோப்பு ஒன்று வந்தது. முழுக்க ஆங்கிலம். அப்பா எட்டாவது வரை படித்தவர், அம்மா ஐந்தாவது. நான்தான் அகராதி வைத்து, தெரியாத சொல்லையெல்லாம் பென்சிலால் எழுதி எழுதிப் படித்துச் சொன்னேன். கொண்டுவர வேண்டிய பொருள்களில் ‘பெட்டிங்’ என்று ஒற்றைச் சொல் இருந்தது. படுக்கைக்கு வேண்டியதெல்லாம் என்று எடுத்துக்கொண்டோம். அப்பா இலவம்பஞ்சு வாங்கி, நான்கடி அகலத்தில் மெத்தை தைத்துக் கொண்டுவந்தார். மகள் முதல்முறையாக வெளியூரில் படுக்கப் போகிறாள், தாராளமாகப் படுக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

மூன்றாம் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. ஆண் விசிட்டர்கள் வரவேற்பறையைத் தாண்டி வர அனுமதி இல்லை என்று. அதை நான் படிக்காமல் இல்லை. விசிட்டர் என்றால் பிறகு பார்க்க வருகிறவர்கள் என்று நினைத்துவிட்டேன். சேர்க்க வருகிற அப்பாவும் அந்தச் சொல்லுக்குள் வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு பேரும் ஊரை விட்டால் தறி நின்றுவிடும். வாரக் கணக்கில் சேலை குறைந்தால் கூலி குறையும். அதனால் அம்மா வீட்டில் இருந்துகொண்டார். பொதிகையில் ஏறி விடியற்காலை தாம்பரத்தில் இறங்கினோம். சுருட்டிக் கட்டிய மெத்தையை டவுன் பஸ்ஸில் ஏற்றுவதற்குள் அப்பா இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். விடுதி வாசலில் காவலாளி, “அப்பாக்கள் இங்கேயே நிக்கணும், அம்மா இருந்தா உள்ளே போகலாம்” என்றார். அந்த நிமிஷம்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. பெண்கள் விடுதியில் அப்படி ஒரு விதி இருப்பது தப்பே இல்லை, இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று அம்மா வந்திருப்பார். நான் படுக்கும் கட்டிலை என் வீட்டில் ஒருவராவது பார்த்திருப்பார்கள். இன்று வரைக்கும் பார்க்கவில்லை.

என் அறை மூன்றாவது மாடி. பெட்டி, வாளி, புளியங்குடி எலுமிச்சையில் அம்மா போட்ட ஊறுகாய், எல்லாவற்றையும் இரண்டு நடையில் கொண்டுபோய்விட்டேன். மெத்தை மட்டும் என்னால் ஆகவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா வாசலில் அப்படியே நின்றுகொண்டிருக்கிறார். அப்போது குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஓர் அக்கா இறங்கி வந்தார். “எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “நான் கோவில்பட்டி. பிடி அந்தப் பக்கம்” என்று மறுமுனையைத் தூக்கிக்கொண்டார்.

மூன்றாவது மாடி வருவதற்குள் அந்த அக்கா எனக்குச் சொல்லித்தந்தது இவ்வளவு: ஆறரைக்கு மேல் குளியலறையில் வரிசை நிற்கும், ஆறு மணிக்கே போய்விடு. வாளியில் பெயின்ட்டால் பெயர் எழுது, மார்க்கர் ஒரு வாரத்தில் அழிந்துவிடும். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக வேண்டுமென்றால் புதன்கிழமையே அவுட்பாஸ் எழுதிக் கொடு. காய்ச்சல் வந்தால் இரவு எந்த நேரமானாலும் தரைத்தளத்தில் இருக்கும் துணைக் காப்பாளரைத் தட்டு, திட்ட மாட்டார். பிறகு அறை வாசலில் மெத்தையை இறக்கி வைத்துவிட்டு, “நான் இந்த மாடிக்கு வரக் கூடாதும்மா, பார்த்தால் எனக்குத்தான் வம்பு” என்று போய்விட்டார். நான்கு பக்கக் கோப்பில் இதில் ஒன்றுகூட இல்லை. கட்டில் இரண்டரை அடி அகலம். மெத்தையைப் பாதியாக மடித்துப் போட்டுத்தான் இன்றும் படுக்கிறேன்.

முதல் சில நாட்கள் தூக்கமே வரவில்லை. எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணி வரை தறி ஓடும். அந்தச் சத்தத்தில்தான் பிறந்தது முதல் தூங்கினேன். விடுதியில் விளக்கணைத்தால் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு ஃபோன் போட்டால் அவர் தறியை நிறுத்திவிட்டுப் பேசுவார். “நிறுத்தாதம்மா, ஓடட்டும்” என்று கேட்டுக்கொள்வேன். அறையில் என்னோடு ஓசூர்ப் பெண் ஒருத்தி, நாகப்பட்டினம் பக்கம் மீனவ கிராமத்துப் பெண் ஒருத்தி. மூவரும் மூன்று விதமாகச் சாம்பாரைக் குறை சொல்லியே நெருக்கமானோம். அது தானாக நடந்தது. யாரும் ஏற்பாடு செய்யத் தேவைப்படவில்லை.

வகுப்பு அப்படி இல்லை. கணக்கு எனக்கு நன்றாக வரும், ஆனால் பலகையில் எழுதியது புரிந்தாலும் வாயால் சொன்னது காதில் ஏறவில்லை. அணி, தொகையிடல் என்று படித்ததெல்லாம் மேட்ரிக்ஸ், இன்டக்ரேஷன் என்று வேறு பெயரில் வந்து நின்றது. சந்தேகம் கேட்க ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டி முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். முதல் பருவத்தில் நான் வாய் திறந்து பதில் சொன்ன ஒரே வகுப்பு ‘தமிழர் மரபு’. புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) வழிமுறை வகுத்திருக்கிறது. எங்களுக்கு இரண்டு நாள் நடந்தது. அரங்கில் உட்கார்ந்து உரைகள் கேட்டோம். மூன்றாம் நாள் முதல் மணியிலேயே பாடம் தொடங்கிவிட்டது.

எதிர் அறையில் இருந்த பெண் பன்னிரண்டாம் நாள் ஊருக்குப் போய்விட்டாள். என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தவள். அவள் அப்பா வந்து வாசலில் நின்றார். அதே இடம். அவளுடைய வாளி ஒரு மாதம் வரை குளியலறையில் கிடந்தது. அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. யாரிடம் கேட்கலாம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் தங்கிவிட்டதற்குக் காரணம் நான் கெட்டிக்காரி என்பதல்ல. கோவில்பட்டி அக்கா மெஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம், “சாப்பிட்டியா, கணக்கு நோட்டு வேணுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தன் பழைய நோட்டையும் கொடுத்தார். ஓரத்தில் தமிழில் குறிப்பெழுதிய நோட்டு.

இங்கேதான் நான் பயந்துகொண்டே ஒன்றைச் சொல்கிறேன். மூத்த மாணவிகள் முதலாம் ஆண்டு மாடிக்கு வரக் கூடாது என்ற விதி சும்மா வந்ததல்ல. 1996-இல் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதையும், அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்ததையும் எங்கள் பள்ளி ஆசிரியர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். புதியவர்களைக் கூடியவரை தனிப் பகுதியில் தங்க வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பாதுகாப்பில் ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது. ஆனால் அதே விதிமுறைகள் இன்னொன்றையும் சொல்கின்றன. புதிதாக வருகிறவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியர் பொறுப்பில் விட வேண்டும். எப்போது, யாரிடம் உதவி கேட்கலாம் என்று அச்சிட்ட துண்டறிக்கை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். தடுப்பதற்கான பாதியைக் கல்லூரிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. கைகொடுப்பதற்கான பாதி எங்கள் விடுதியில் நடக்கவில்லை. கெட்டவர்களுக்காகப் பூட்டிய கதவில் கோவில்பட்டி அக்காவும் வெளியே நின்றுவிட்டார்.

இந்த வருஷம் நாங்கள் ஆறு பேர் துணைக் காப்பாளரைப் போய்ப் பார்த்தோம். சேர்க்கை நாளில் வாசலில் நின்று உதவ அனுமதி கேட்டோம். முதலில் தயங்கினார். அப்புறம் சில நிபந்தனைகளோடு சரி என்றார்: அவர் கண்பார்வையில் இருக்க வேண்டும், கழுத்தில் அட்டை மாட்ட வேண்டும், அறைக்குள் போகக் கூடாது, மாலை ஆறு மணியோடு கிளம்பிவிட வேண்டும். எல்லாம் நியாயமானவை. அவரே படியோரத்தில் நாற்காலி போட்டுக் காலை ஏழு மணி முதல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எங்கள் ஆறு பேரின் நன்றி.

அன்று யாரும் எங்களிடம் பெரிய கேள்வி எதுவும் கேட்கவில்லை. வேதாரண்யத்திலிருந்து வந்த ஓர் அம்மா, “தண்ணி உப்பா இருக்குமாம்மா, முடி கொட்டுமா?” என்றார். ஒரு பாட்டி, ராத்திரி பசித்தால் பிள்ளை என்ன செய்யும் என்று நான்கு முறை கேட்டார். இன்னொரு பெண் தனியாகக் கூப்பிட்டு, மாதவிடாய் நாப்கினை எங்கே போடுவது என்று கேட்டாள். இதை அவள் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பாள்? புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய்க்கு எந்த வங்கிக் கணக்கைக் கொடுப்பது, ஆதார் இணைத்திருக்க வேண்டுமா என்று குறைந்தது பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். எங்கள் ஆறு பேருக்கும் அந்தப் பணம் வருவதால் சொல்ல முடிந்தது.

பையன்கள் விடுதியில் இது இன்னும் மோசம் என்று என் சித்தி மகன் சொல்கிறான். அவர்கள் கேட்கவே மாட்டார்கள். கேட்டால் கேவலம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே கல்லூரி நிர்வாகங்களிடம் நான் கேட்பது செலவில்லாத காரியம். சேர்க்கை நாளில் காப்பாளர் முன்னிலையில், அவர் தேர்ந்தெடுத்த சில இரண்டாம் ஆண்டு மாணவர்களை வாசலில் நிறுத்துங்கள். முடிந்தால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒருவராவது இருக்கட்டும். ஊர்ப் பேச்சு காதில் விழுந்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது, எனக்குப் போயிற்று. வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே விடுதியைத் திறந்துவிடுங்கள். இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்த பிள்ளை மறுநாள் எட்டே முக்கால் வகுப்பில் என்னதான் கேட்கும்? மூன்று வாரப் பயிற்சியை மூன்று வாரம் நடத்துங்கள். அதில் ஒரு வாரமாவது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கின், இயற்பியலின் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் வழி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாங்கள் படிக்காதவற்றைக் கேட்கவில்லை, படித்தவற்றின் பெயரைத்தான் கேட்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக்கு அனுப்பும் அந்தக் கோப்பைத் தமிழிலும் அனுப்புங்கள். நாங்கள் ஆறு பேரும் இந்த வருஷம் ஒரே ஒரு பக்கம் எழுதி, துணைக் காப்பாளரிடம் காட்டித் திருத்தி, நகலெடுத்து வாசலில் கொடுத்தோம். ஆனால் வாசலில் கொடுப்பது தாமதம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கலந்தாய்வில் ஒதுக்கீட்டு ஆணை தரும்போதே, அந்தக் கல்லூரி விடுதியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் சேர்ந்து வந்தால் அதை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். என் அப்பா டீக்கடையில் உங்கள் நாளிதழைத் தலைப்பு முதல் கடைசி வரி வரை படிக்கிறவர். அவரால் படிக்க முடியாதது அந்த நான்கு பக்கம் மட்டும்தான்.

நாங்கள் எழுதிய பக்கத்திலிருந்து சில வரிகளைக் கீழே தருகிறேன். எந்தக் கல்லூரி வேண்டுமானாலும் தன் விதிக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

“மாணவியோடு அம்மா, பாட்டி, அக்கா யாராவது ஒருவர் வாருங்கள். அப்பா, அண்ணன், தாத்தா வரவேற்பறை வரை மட்டுமே வர முடியும். கட்டிலின் அகலம் இரண்டரை அடி. மெத்தை வாங்குவதானால் அந்த அளவில் வாங்குங்கள். வாளி, குவளை, பூட்டு இங்கேயே வாசல் கடையில் கிடைக்கும், ஊரிலிருந்து தூக்கி வர வேண்டாம். ராகிங் தொல்லை என்றால் எந்த நேரமும் 1800-180-5522 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். சாமான் கனமாக இருந்தால் மாடிப்படியில் தனியாகத் தூக்காதீர்கள், கழுத்தில் மஞ்சள் அட்டை போட்டிருக்கும் அக்காவைக் கூப்பிடுங்கள்.”

இப்படிக்கு,
பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி,
சங்கரன்கோவில் வட்டம், தென்காசி மாவட்டம்