இரண்டு எழுத்து வித்தியாசம்

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இரண்டு வாரமாக டி7 பாலிமரேஸ் (டி.என்.ஏவைப் பார்த்து ஆர்.என்.ஏவை எழுதும் நொதி) போட்டும் ஆர்.என்.ஏ வரவில்லை, ஜெல்லில் ஒரு கோடுகூட இல்லை, எனக்குக் கைராசியே கிடையாது என்றாய். அப்படிச் சொல்லாதே கண்ணு.

நீ அனுப்பிய பிளாஸ்மிட் படத்தை, அதான் அந்த வட்ட டி.என்.ஏவின் படத்தை, பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ஜீனுக்கு ஒரு பக்கம் டி7 புரொமோட்டர், அதாவது டி7 நொதி உட்கார்ந்து வேலையைத் தொடங்கும் இடம்; மறுபக்கம் டி3 நொதிக்கான புரொமோட்டர். நீ வெட்டியிருப்பது டி7 பக்கம், புரொமோட்டருக்கும் ஜீனுக்கும் நடுவில். அப்படியானால் ஜீனோடு மிச்சமிருப்பது டி3 புரொமோட்டர்தான். அதில் டி7 நொதி உட்காராது.

இத்தனைக்கும் டி7, டி3 இரண்டும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் நொதிகள், அக்காள் தங்கை மாதிரி. புரொமோட்டர்களிலும் ஆர்.என்.ஏ தொடங்கும் புள்ளிக்கு முன்னால் 9ஆம் டி.என்.ஏ எழுத்திலிருந்து 3ஆம் எழுத்துவரை அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் 11, 10ஆம் இடங்களைப் பார். டி7-இல் ஜி, ஏ. டி3-இல் சி, சி.

இதை அந்த நொதி டி.என்.ஏவைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் தீராத ஆச்சரியம். முறுக்கிய ஏணியின் பெரிய பள்ளத்தில் ஒவ்வொரு எழுத்து ஜோடியின் ஓரமும் வெளியே தெரிகிறது; ஹைட்ரஜன் பிணைப்புக்கு எங்கே ஹைட்ரஜனைக் கொடுக்கும், எங்கே வாங்கும் என்பது ஜோடிக்கு ஜோடி மாறும். நொதியிலிருந்து விரல் போல நீளும் ஒரு வளைவு அந்தப் பள்ளத்துக்குள் போய்த் தடவிப் பார்க்கிறது. இன்னொரு வளைவு 17ஆம் இடத்துக்குப் பக்கத்தில் சின்னப் பள்ளத்தைப் பிடித்துக்கொள்கிறது. கொண்டை ஊசி மாதிரி மூன்றாவது ஒன்று இழைகளுக்கு நடுவே புகுந்து விலக்குகிறது. 1999இல் ஏல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு இதைப் படிகத்தில் படம் பிடித்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனோடு 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டாரே, அதே ஸ்டைட்ஸ்தான்.

டி7 நொதி என்பது 883 அமினோ அமிலங்களை மணி மாதிரிக் கோத்த சரம். அந்த விரலில் 748ஆவதாக இருப்பது அஸ்பராஜின். அது ஹைட்ரஜனைக் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். டி3-இல் அதற்கு நேரான இடத்தில் அஸ்பார்டேட். அது வாங்க மட்டும்தான் செய்யும். 1992இல் டி7 நொதியில் இந்த ஒன்றை மட்டும் அஸ்பார்டேட்டாக மாற்றிப் பார்த்தார்கள். 11, 10ஆம் இடங்களில் அது டி3-இன் எழுத்துகளைத் தேட ஆரம்பித்துவிட்டது! ஒரே ஒரு அமினோ அமிலம். அவ்வளவு கறாரான நொதியிடம் வேறொருவரின் புரொமோட்டரை நீட்டினால் அது எப்படி ஏற்கும், சொல்.

சரி, முதலில் உனக்கு எந்த இழையின் ஆர்.என்.ஏ வேண்டும் என்று பார். டி3 பக்கத்திலிருந்து வருவதுதான் என்றால் வெட்டிய டி.என்.ஏவை வீசிவிடாதே, டி3 நொதியை யாரிடமாவது கேட்டு வாங்கிப் போட்டுப் பார். மறுபக்கம் என்றால் புதிதாகத்தான் வெட்ட வேண்டும்.

அப்புறம், ஜெல் படம் வந்ததும் அனுப்பு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா