கண்மணியில் வெள்ளை தெரிந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளையின் கண்ணில் புற்றுநோய் என்றதும் 'வயிற்றில் இருக்கும்போது என்னத்தைத் தின்றாய்' என்று தாயைக் கேட்பதும், சொந்தத்துக்குள் கலியாணம் கட்டியதுதான் காரணம் என்பதும் வன்னியில் இன்னும் ஓயவில்லை. இரண்டும் பிழை. இந்தப் பேச்சுக்குப் பயந்து நோயை மறைக்கும் வீட்டில், அடுத்த பிள்ளையின் கண்ணைச் சோதிக்க வேண்டிய காலம் தவறிவிடுகிறது.

விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. 13ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஆர்பி1 என்ற மரபணு, கலங்கள் கட்டுமீறிப் பெருகாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கலத்திலும் அது இரண்டு பிரதி. இரண்டும் பழுதானால்தான் கட்டி வளரும் என்பதை 1971இல் அமெரிக்க மரபியல் ஆய்வாளர் ஆல்பிரட் நட்சன் கணித்துச் சொன்னார். ஒரு பிரதி பழுதாகவே பிறக்கும் பிள்ளைக்கு, மற்றது ஏதோவொரு விழித்திரைக் கலத்தில் கெட்டாலே போதும். அதனால் இரு கண்ணிலும், ஒரு வயதை ஒட்டியே வருவதுண்டு. பழுது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதுமாகையால் மச்சான் மச்சாள் கலியாணத்தைக் குற்றஞ்சொல்ல இடமில்லை. நோய் வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய 40 வீதத்தினருக்கு இந்தப் பிறவிப் பழுது உண்டு. குடும்பத்தில் முன்பே நோயிருந்தோர் 10 வீதமளவே. பிறவிப் பழுதுள்ள மற்றப் பிள்ளைகளில் அது புதிதாக, பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில், தானாகத் தோன்றியது. அதில் தந்தையின் குற்றமும் இல்லை.

இரு கண்ணிலும் நோய் வந்து பிழைத்தவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பழுது போகும் வாய்ப்பு 50 வீதம். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் ஏறக்குறைய 15 வீதமானோர் பழுதைச் சுமப்பவர்கள். இடப்பெயர்வுகளில் கிளினிக் கொப்பிகள் தொலைந்த வீடுகள் இங்கே ஏராளம். சிறுவயதில் ஒரு கண் எடுக்கப்பட்டவர், அது காயத்தாலா கட்டியாலா என்று மூத்தவர்களிடம் கேட்டறிந்து, கர்ப்பிணிக் கிளினிக்கிலேயே சொல்லிவைக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் துளிமருந்தால் கண்மணியை விரித்து விழித்திரை முழுவதையும் பார்ப்பார்கள். முதல் இரண்டு மாதம் இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒரு தடவை, பிறகு இடைவெளி கூட்டி ஏழு வயதுவரை. வளர வளர மயக்கம் கொடுத்தே பார்க்க வேண்டிவரும். தூரம், கூலி இழப்பு என்று இரண்டு தடவை விட்டாலும் சிறு கட்டி பெருகிவிடலாம்.

குடும்பத்தில் நோய் இல்லாதவர்களும் மங்கலான அறையில், போனின் ஃபிளாஷைப் போட்டு, சிவப்புக் கண் நீக்கும் வசதியை நிறுத்தி, பிள்ளை நேரே பார்க்கும்போது நாலைந்து படம் எடுத்துப் பாருங்கள். கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. பிள்ளை சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் நல்ல கண்ணும் வெள்ளையடிக்கலாம். ஆனாலும் வெள்ளை தெரிந்தால், அல்லது புதிதாக மாறுகண் விழுந்தால், அந்தக் கிழமையே படத்தோடு கண் வைத்தியரிடம் போங்கள். குடும்பத்தில் நோய் உள்ளவர்கள், படம் நன்றாக வந்ததென்று மேற்சொன்ன கிளினிக் பரிசோதனையை நிறுத்த வேண்டாம்.

பழுதோடு பிழைத்தவர்களுக்கு பதின்ம வயதில் எலும்புப் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூட. முழங்காலடியில் ஆறாத நோவென்றால், விளையாட்டில் அடிபட்டது என்று எண்ணெய் தடவிக்கொண்டு காத்திராமல், கண் நோய் வந்த கதையையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

கண் சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள் சிலர்,
வன்னி.