அப்பா, நடுவுல மட்டும் கை தட்டிடாதீங்க

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்களுக்கும் அம்மாவுக்கும் விசா வந்துருச்சுன்னு நேத்து நீங்க சொன்னதுல இருந்து எனக்கு தலைகால் புரியல, உங்க மாப்பிள்ளை ஆபீஸ்ல இருந்து வந்ததும் வாசல்லயே நிக்க வச்சு சொல்லிட்டேன். போன்ல பேசினா நீங்க "சரிம்மா சரிம்மா"ன்னு ரெண்டு நிமிஷத்துல அம்மாகிட்ட குடுத்துடுவீங்க, அதான் உக்காந்து பொறுமையா எழுதுறேன், அம்மாவுக்கும் படிச்சு காட்டுங்க.

2025 மார்ச் 8-ம் தேதி ராஜா சார் லண்டன்ல சிம்ஃபனி பண்ணினப்போ நீங்க ராத்திரி போன் போட்டு, அது நேர்ல கேட்டா எப்படிம்மா இருக்கும்னு கேட்டீங்க ஞாபகம் இருக்கா. எனக்கு அது மனசுலயே இருந்துச்சு. நீங்க பாரீஸ் வந்து ரெண்டாவது வாரம் ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு நம்ம மூணு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். லாச்சப்பல்ல நம்ம ஆளுங்க கடையில சாம்பார் பொடி வாங்குவேன்னு சொல்வேன்ல, அங்க இருந்து நடக்குற தூரத்துல கார் து நோர் ஸ்டேஷன், அஞ்சாம் நம்பர் மெத்ரோ புடிச்சு போர்த் து பான்தன்ல இறங்கினா பிலார்மோனி ஹால். 2015-ல தொறந்தாங்க, 2400 பேர் உக்காரலாம், மேடை ஒரு ஓரத்துல இல்லாம நடுவுல மாதிரி இருக்கும், ஜனங்க சுத்தி உக்காந்திருப்பாங்க. அவ்ளோ பெரிய ஹால்ல கடைசி சீட்டு கூட கண்டக்டர்கிட்ட இருந்து, அதாவது முன்னாடி நின்னு கைய காட்டி ஆர்கெஸ்ட்ராவ நடத்துறவர்கிட்ட இருந்து, 32 மீட்டர்தான்.

நான் எடுத்தது ஆர்கெஸ்ட்ராவுக்கு பின்பக்க சீட்டு. விலை கம்மிங்கிறதுக்காக மட்டும் எடுக்கலப்பா. முன்னாடி உக்காந்தா கண்டக்டரோட முதுகுதான் தெரியும், பின்னாடி இருந்தா அவர் மூஞ்சி தெரியும். கண்ணாலயே ஒருத்தர கூப்பிடுவார், ஒரு விரல தூக்கி சத்தத்த அமுக்குவார். நீங்க எப்பவும் தவில்காரர் பக்கத்துலதான் எடம் புடிப்பீங்க, அதனால உங்களுக்கு இதுதான் புடிக்கும்னு எனக்கு தெரியும்.

முக்கியமான விஷயத்துக்கு வரேன். அங்க மைக்கே கிடையாது. எண்பது தொண்ணூறு பேர் வாசிப்பாங்க, ஆனா ஒரு ஸ்பீக்கர் இருக்காது, மரமும் சுவரும் வளைஞ்சிருக்குற விதத்துலயே சத்தம் வந்து சேரும். அப்போ வாத்தியத்தோட சத்தம் எப்படி கேக்குதோ அப்படியே நம்ம சத்தமும் கேக்கும். அம்மாவ அந்த நேரம் கைய மடியில வச்சுக்க சொல்லுங்க, வளையல் சத்தம் பத்து வரிசைக்கு கேக்கும். இருமல் மிட்டாய் வேணும்னா உள்ள போறதுக்கு முன்னாடியே கவர பிரிச்சு கர்ச்சீப்ல வச்சுக்கணும். போன் சைலண்ட் இல்ல, ஆஃப். தொடையில தாளம் போடலாம், விரல் மட்டும் அசையுற மாதிரி. ஆனா "பலே", "ஆஹா" எல்லாம் கூடாதுப்பா. இது உங்களுக்கு கஷ்டம்னு எனக்கு நல்லா தெரியும். வில்லியனூர் தேர் திருவிழாவுல மேளம் நடக்கறப்போ நீங்க போடற "பலே"வுக்கு தவில்காரர் திரும்பி பாத்து சிரிச்சிட்டு இன்னொரு சுத்து வாசிப்பார்ல, அத பாத்து வளர்ந்தவ நான். இங்க முதல் தடவ போனப்போ எனக்கு ஏதோ சாவு வீட்டுல உக்காந்த மாதிரி இருந்துச்சு, யாருக்கும் புடிக்கலயோ, ரசனையே இல்லயோன்னு நெனச்சேன். அப்படி இல்லப்பா. இவங்க பேசாம இருக்கறதுதான் இவங்களோட "பலே", எனக்கு அது புரியவே மூணு கச்சேரி ஆச்சு.

அந்த முதல் கச்சேரி வேற ஒரு ஹால்ல, சைக்கோவ்ஸ்கியோட ஆறாவது சிம்ஃபனி. சிம்ஃபனின்னா பெரும்பாலும் நாலு பாகம், நடுவுல ஒரு சின்ன நிறுத்தம், நாலும் சேந்துதான் ஒரு உருப்படி. அதுல மூணாவது பாகம் படை கிளம்புற மாதிரி முடியும், நான் அதோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு கை தட்டினேன், இன்னும் கொஞ்ச பேரும் தட்டினாங்க. கண்டக்டர் அசையாம நின்னார். அப்புறம்தான் நாலாவது ஆரம்பிச்சுது, அது அப்படியே அழுகைப்பா, கடைசியில அடித்தொண்டை வாத்தியம் மட்டும் குறைஞ்சு குறைஞ்சு காணாமயே போயிடும். முடிஞ்சப்புறம் கண்டக்டர் தூக்கின கைய இறக்கல, மூச்சு விடற சத்தம் கூட இல்ல, பக்கத்துல இருந்த பெரியம்மா கண்ண தொடைக்காம அப்படியே உக்காந்திருந்தாங்க. அவர் கை இறங்கினப்புறம் ஹாலே இடிஞ்சு விழுற மாதிரி தட்டினாங்க. அதனால ஒரே ஒரு கணக்கு வச்சுக்கோங்க, கண்டக்டர் கை முழுசா கீழ இறங்கி அவர் முன்பக்க ஜனங்கள பாத்து திரும்பினாதான் தட்டணும், சந்தேகமா இருந்தா என் கைய பாருங்க.

இந்த அமைதி ஆதியில இருந்து வந்ததும் இல்ல. 1778-ல மொசார்ட் இதே பாரீஸ்ல இருந்து ஊர்ல இருந்த அவங்க அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கார், என் சிம்ஃபனி நடந்துச்சு, முதல் பாகத்து நடுவுல ஒரு எடம் ஜனங்களுக்கு புடிக்கும்னு தெரிஞ்சேதான் வச்சேன், அந்த எடம் வந்ததும் வாசிக்கறப்பவே கை தட்டினாங்கன்னு. சந்தோஷத்துல போய் ஐஸ்கிரீம் சாப்ட்டாராம். அப்போ இவங்களும் நம்மள மாதிரிதான் இருந்திருக்காங்க.

ஆரம்பத்துல ஸ்ருதி சேக்கறத தவற விட்டுடக்கூடாது, அதுக்கே அரை மணி நேரம் முன்னாடி போயிடலாம். ஓபோன்னு ஒரு வாத்தியம், அது ஒரு சுரம் குடுக்கும், மத்தவங்க எல்லாரும் அதுல வந்து சேருவாங்க. நம்மள மாதிரி பாடறவர் குரலுக்கு ஏத்தபடி கட்டைய மாத்தறது கிடையாது, ஒரே அளவு, பிரான்ஸ்ல 1859-லயே அரசாங்கம் அந்த சுரம் செகண்டுக்கு 435 அதிர்வுன்னு சட்டம் போட்டுச்சு, இப்போ அதுக்கும் கொஞ்சம் மேல வைக்கறாங்க. ஓபோவுல ரெண்டு நாணல் சேத்து கட்டியிருக்கும், நம்ம நாதஸ்வரத்து சீவாளி மாதிரியேதான். பாத்ததும் உங்களுக்கு புரிஞ்சிடும்.

லேட்டா போனா கதவ சாத்திடுவாங்க, ஒரு உருப்படி முடிஞ்சு தட்டற கேப்லதான் விடுவாங்க. முதல் பாதியில பியானோவோட ஒண்ணு இருக்கு, அதுல ஆர்கெஸ்ட்ரா நிறுத்திட்டு பியானோ மட்டும் தனியா வாசிக்குற எடம் வரும், நம்ம தனி ஆவர்த்தனம் மாதிரி, ஆனா அப்போ எழுந்து காபிக்கு போக முடியாது. நடுவுல இருபது நிமிஷம் இடைவேளை. அம்மாவுக்கு சுகர் மாத்திரை, பிஸ்கட் எல்லாம் அப்போதான், பாத்ரூம் வரிசை நீளமா இருக்கும், நான் கூட்டிட்டு போறேன். டிரஸ்ஸுக்கு கவலப்படாதீங்க, கோட்டு வாங்க வேணாம், இங்க பாதி பேர் ஜீன்ஸ்தான், நீங்க பட்டு வேட்டி கட்டினா எனக்கு பெருமைதான், உள்ள மட்டும் தெர்மல் போட்டுக்கோங்க.

இடைவேளைக்கு அப்புறம்தான் நான் உங்கள கூட்டிட்டு போற காரணமே. ட்வோர்ஷாக்னு ஒருத்தர், செக் நாட்டுக்காரர், கசாப்பு கடைக்காரர் மகன். 1892-ல நியூயார்க்ல ஒரு இசைப்பள்ளிக்கு தலைமை ஏத்துக்க போனார், சம்பளம் நல்லா குடுத்தாங்க. ஆறு புள்ளைங்கள்ல ரெண்ட மட்டும் கூட்டிக்கினு போனார், நாலு ஊர்லயே. அங்க உக்காந்து எழுதினதுதான் இந்த ஒன்பதாவது சிம்ஃபனி, நாப்பது நிமிஷத்துக்கு மேல போகும்.

ரெண்டாவது பாகத்த கவனிங்கப்பா. ஓபோவோட அண்ணன் மாதிரி ஒண்ணு, கொஞ்சம் நீளமா, அதுக்கும் சீவாளி உண்டு, அது தனியா ஒரு ராகம் பாடும். எனக்கு அத கேட்டா நம்ம வீட்டு பின்னாடி சாயங்காலம் மாடு திரும்புற நேரம் ஞாபகம் வரும், ஏன்னு சொல்ல தெரியல. அந்த பாகம் முடியறதுக்கு முன்னாடி அதே ராகம் கொஞ்ச வயலின்ல மட்டும் திரும்பி வரும், ஆனா பாதியில நிக்கும், திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப நிக்கும். பேச வந்தவருக்கு தொண்ட அடைக்குற மாதிரி. அந்த நிக்குற எடத்துல யாராவது இருமினா எனக்கு அழுக வந்துடும், அதுக்காகத்தான் மிட்டாய் கவர பத்தி அவ்ளோ சொன்னேன்.

நாலாவது பாகத்துல நமக்கு நேர் கீழ ஜால்ரா மாதிரி பெரிய தட்டு வச்சுக்கினு ஒருத்தர் இருப்பார். மொத்த சிம்ஃபனியிலயும் தட்டுக்கு ஒரே ஒரு அடிதான், அதுவும் பெரிய அடி இல்ல. அந்த ஒரு அடிக்காக எண்ணிக்கினு காத்திருப்பார், நீங்களும் பாத்துக்கினு இருங்க. கடைசியில எல்லாம் உச்சத்துக்கு போய், முடிஞ்சிருச்சுன்னு தோணும், ஆனா கடைசி சுரத்த ஊதுற வாத்தியங்க மட்டும் புடிச்சு மெல்ல மெல்ல கரைப்பாங்க. அது கரையற வரைக்கும் பொறுங்க. அப்புறம் உங்க இஷ்டம், கை வலிக்க தட்டலாம், "பிராவோ"ன்னு கத்தலாம், உங்க "பலே"வ அப்போ போடுங்க, நல்லா சத்தமா, நானும் கூட போடறேன்.

இன்னொண்ணு சொல்லணும்னு நெனச்சேன். 1893 மே 24 காலையில ட்வோர்ஷாக் இத எழுதி முடிச்சிருக்கார். நோட்ஸோட கடைசி பக்கத்துல கடவுளுக்கு நன்றின்னு எழுதி, கூடவே, புள்ளைங்க இங்கிலாந்துல சவுத்தாம்டன் துறைமுகம் வந்து சேந்துட்டாங்க, மத்தியானம் தந்தி வந்துச்சுன்னும் எழுதி வச்சிருக்கார். ஊர்ல விட்டுட்டு வந்த அந்த நாலு புள்ளைங்க, அவர்கிட்ட வந்துக்கினு இருந்தாங்க.

சென்னை ஏர்போர்ட்ல உள்ள போனதும் ஒரு மெசேஜ் போடுங்க, பிளைட்ல உக்காந்ததும் ஒண்ணு, நடுவுல மாறுற எடத்துல இறங்கினதும் ஒண்ணு. இங்க மணி எவ்ளோ ஆனாலும் பரவால்ல, நான் முழிச்சிக்கினுதான் இருப்பேன்.

உங்க மக