ஒட்டுப்போட்டால் துரு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலோரப் பாலங்களில் தூண் வெடித்துக் கம்பி தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் கொத்தி, துருவைத் தேய்த்து, புதுக் கலவை பூசி, பெயின்ட் அடித்து பில் போட்டுவிடுகிறார்கள். சில வருடங்களில் ஒட்டின் ஓரத்தைச் சுற்றியே மறுபடி வெடிக்கும். பழி கொத்தனார் மீது விழும். உண்மையில், வெடித்த இடத்துக் கம்பி தான் கரைந்து அக்கம்பக்கத்துக் கம்பியைக் காத்துவந்தது. அங்கே உப்பில்லாத கலவையை அடைத்ததும், உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் அடுத்த முழம் கம்பி கரையத் தொடங்குகிறது.

கம்பிக்குப் பதில் கரைய வேறு உலோகத்தைக் கொடுப்பதுதான் மருந்து. இரண்டு துத்தநாகக் கம்பிகளை மின்பொறியில் (ஆர்க்) உருக்கி, கம்ப்ரசர் காற்றால் கான்கிரீட் மேல் தெளிக்கும் முறை 1980களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. ஃபுளோரிடா கீஸ் தீவுகளின் பாலங்களில், துருவைத் தடுக்க எபாக்சிப் பிசின் பூசிய கம்பியே துருப்பிடித்த தூண்களில், வெளியே தெரிந்த கம்பியின் மீதும் சுற்றியுள்ள கான்கிரீட்டின் மீதும் நேரடியாகத் தெளித்தார்கள். ஓரிகன் கடற்கரையில் 1932இல் கட்டிய கேப் கிரீக் பாலத்துக்கு 1990களின் தொடக்கத்தில் துத்தநாகம் தெளித்து, வெளியிலிருந்து மின்சாரமும் கொடுத்தார்கள்.

நம் டெண்டர்களில் இதைச் சேர்ப்பதானால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தூணுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்க வேண்டும். எந்த இரண்டு கம்பிக்கு இடையிலும் 1 ஓமுக்கு மேல் காட்டினால் வெல்டு வைத்து இணைக்க வேண்டும். பழைய பெயின்டும் எபாக்சி ஒட்டும் மின்சாரத்தை மறிப்பவை, அவற்றை எடுத்தே ஆக வேண்டும். மணல் அடிப்பது லேசாக இருந்தால் போதும். ஜல்லி பளிச்சென்று தெரியும்வரை அடித்தால் கெட்டது, துத்தநாகம் சிமென்டைப் பிடிக்கும் அளவுக்குக் கல்லைப் பிடிக்காது. தெளிக்கும்போது பரப்பு காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தின் மேல் தெளித்தது உரிந்து வரும்.

பூச்சின் கனம் 0.4 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 2.8 கிலோ துத்தநாகம். காற்றில் பறந்து வீணாவது தனிக்கணக்கு. கனம் அளக்கும் காந்த மீட்டர் கான்கிரீட் மேல் வேலை செய்யாது. தெளிப்பதற்கு முன் சிறு தகடுகளை ஒட்டிவைத்து, பிறகு உரித்து அளப்பதுதான் வழி. சதுர மீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் ஓடினால் வருடத்துக்குக் கால் கிலோவில் பாதிக்கும் குறைவாகவே கரையும், காகிதத்தில் 25 வருடம் வரும். ஆனால் கரைந்த துத்தநாகத்தின் உப்புகள் ஒட்டும் பரப்பில் படிந்து மின்தடையை ஏற்றுவதால், அந்த 25ஐ உத்தரவாதமாக எழுதுவது ஏமாற்று வேலை.

அலை தெறிக்கும் ஈரமான பகுதிக்கே இது ஏற்றது. எப்போதும் நீருக்குள் கிடக்கும் பகுதிக்கும், காய்ந்த வீட்டுச் சுவர்களுக்கும் பொருந்தாது. துத்தநாகப் புகை மூச்சில் ஏறினால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். துணி மாஸ்க் போதாது, காற்று ஊட்டும் முகக்கவசம் வேண்டும்.

ஒவ்வொரு தூணிலும் ஒரு சிறு பகுதியையாவது கம்பியோடு நேரடியாக ஒட்டாமல் தனித்துத் தெளித்து, ஸ்விட்ச் வழியாக இணைக்கச் சொல்ல வேண்டும். ஸ்விட்சை அணைத்து 24 மணி நேரத்துக்குள் கம்பியின் மின்னழுத்தத்தின் எதிர்மறை அளவு 100 மில்லிவோல்ட்டாவது குறைந்தால்தான் பாதுகாப்பு வேலை செய்கிறது என்று பொருள். கடைசித் தவணைப் பணத்தை அந்த அளவீடு வந்த பிறகு கொடுத்தால் போதும்.

— கட்டுமானப் பராமரிப்புப் பொறியாளர்கள், தூத்துக்குடி